50,000 வோல்ட், 1.3 வாட்: ஸ்டன் கருவியின் மின்கணக்கு

2023 மே மாதம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கூமா என்ற ஊர். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில், மறதி நோய் உள்ள 95 வயது மூதாட்டி ஒருவர் நடைவண்டியைப் பிடித்தபடி, கையில் கத்தியோடு அடிமேல் அடி வைத்து வந்தார். அழைக்கப்பட்டு வந்திருந்த காவலர் அவரை டேசரால் சுட்டார். டேசர் என்பது கம்பி கட்டிய இரண்டு முட்களை எய்து, அவற்றின் வழியே உடம்பில் மின்சாரம் பாய்ச்சி ஆளை முடக்கும் ஸ்டன் கருவி. மூதாட்டி அப்படியே சாய்ந்து விழுந்தார், தலையில் அடிபட்டது, ஒரு வாரத்தில் இறந்துபோனார். 2024 நவம்பரில் நடுவர் குழு அந்தக் காவலரைக் குற்றவாளி என்றது.

டேசர் பற்றிய செய்தி எது வந்தாலும் கூடவே ஓர் எண் வந்துவிடும்: 50,000 வோல்ட். படிப்பவருக்கு உடனே ஒரு கேள்வி எழும். வீட்டு பிளக்கில் இருப்பது வெறும் 230 வோல்ட், அதுவே ஆளைக் கொல்கிறது. 50,000 வோல்ட் பட்டவர்களில் பெரும்பாலோர் ஐந்து நிமிடத்தில் எழுந்து நடப்பது எப்படி? தயாரிப்பாளர் தரப்பு இன்னொரு எண்ணைச் சொல்லும்: சராசரி மின்னோட்டம் 2 மில்லி ஆம்பியர்தான். இப்போது கேள்வி தலைகீழாகிறது. அவ்வளவு குறைவு என்றால் சிலர் ஏன் சாகிறார்கள்?

இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. இந்தக் கருவியில் மின்சாரம் குழாய்த் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருப்பதில்லை; துளித்துளியாகத் தெறிக்கிறது. அதை வோல்ட்டை மட்டும் வைத்து அளந்தாலும் தப்பு, வாட்டை மட்டும் வைத்து அளந்தாலும் தப்பு.

முதலில் சில சொற்கள்

அடுப்படியில் இருக்கும் காஸ் லைட்டரை எடுத்து, விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். முனையில் நீலமாக ஒரு பொறி தெறிக்கும். உள்ளே பாட்டரி கிடையாது. ஒரு சின்னச் சுத்தி, அடிபட்டால் மின்சாரம் தரும் பீசோ படிகத்தின் மேல் 'டக்' என்று அடிக்கிறது, அவ்வளவுதான். காற்று லேசில் மின்சாரத்தை விடாது. ஒரு மில்லிமீட்டர் காற்றை உடைத்துக்கொண்டு பொறி பாய ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். அப்படியானால் லைட்டர் முனையில் தெறிப்பது பல ஆயிரம் வோல்ட். விரல் பட்டால் சுருக்கென்று குத்தும். யாரும் சாவதில்லை.

இதை வைத்தே ஐந்து சொற்களையும் பிரித்துக்கொள்ளலாம்.

1. மின்னழுத்தம், அதாவது வோல்ட்: தள்ளும் அழுத்தம். எவ்வளவு இடைவெளியைத் தாண்ட முடியும் என்பதை இது சொல்லும். தாண்டிய பிறகு எவ்வளவு பாயும் என்பதைச் சொல்லாது.
2. மின்னூட்டம், அதாவது கூலூம்: பாய்ந்த மின்சாரத்தின் மொத்த அளவு. லைட்டரில் இது அற்பம், அதனால்தான் நமக்கு ஒன்றும் ஆவதில்லை.
3. மின்னோட்டம், அதாவது ஆம்பியர்: ஒரு விநாடிக்கு எத்தனை கூலூம் பாய்கிறது என்ற கணக்கு.
4. ஆற்றல், அதாவது ஜூல்: ஒரு தெறிப்பில் உடம்புக்குள் போய்ச் சேர்வது.
5. திறன், அதாவது வாட்: ஒரு விநாடிக்கு எத்தனை ஜூல் என்பது.

இவற்றில் இரண்டாவதை யாரும் பேசுவதே இல்லை. நாம் திரும்பத் திரும்ப வரப்போவது அதற்குத்தான்.

பெட்டிக்குள் நடப்பது

ஸ்டன் கருவி எந்த மாதிரியாக இருந்தாலும் உள்ளே வேலை ஏறக்குறைய ஒன்றுதான். பாட்டரியின் சில வோல்ட்டை ஒரு டிரான்சிஸ்டர் சுற்று படபடவென்று வெட்டி, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுக்குத் தருகிறது. அது ஒன்றிரண்டு ஆயிரம் வோல்ட்டாக ஏறி, கெப்பாசிட்டரில் போய்ச் சேர்கிறது. கெப்பாசிட்டர் ஒரு குடம் மாதிரி. நிரம்பும்வரை பொறுத்திருக்கும்; நிரம்பியதும் பொறி இடைவெளி ஒன்று உடைந்து, குடம் முழுவதும் ஒரே நொடிப்பில் இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மர் மேல் கவிழும். அங்கிருந்துதான் அந்தப் பல்லாயிரம் வோல்ட் எழும்புகிறது.

குடத்தில் எவ்வளவு இருந்ததோ அதற்கு மேல் ஒரு சொட்டுகூட வெளியே வராது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைப் பெருக்கும்போது ஆம்பியரை அதே விகிதத்தில் குறைத்துவிடும். வழியில் சூடாகவும் ஒலியாகவும் கொஞ்சம் வீணாகும். ஆக, சராசரியாகப் பார்த்தால் வெளிவரும் வாட் எப்போதும் பாட்டரி தரும் வாட்டைவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும். 50,000 வோல்ட் என்றதும் மின்வாரியத்தின் டவர் லைன் நினைவுக்கு வருகிறது, இல்லையா? டவர் லைனுக்குப் பின்னால் ஒரு மின்நிலையமே நிற்கிறது. இதற்குப் பின்னால் இருப்பது கேமராவில் போடும் அளவு பாட்டரி இரண்டு.

ஒரு கருவியின் எண்கள்

பேச்சாக இல்லாமல் எண்ணாகப் பார்ப்போம். பல ஆண்டுகள் பல நாட்டுக் காவல் துறைகளில் புழங்கிய டேசர் எக்ஸ்26 நல்ல உதாரணம், ஏனென்றால் அதன் அளவுகள் வெளிப்படையாகக் கிடைக்கின்றன. அந்த மாதிரியின் வழக்கமான அளவுகள் இவை:

1. திறந்த முனையில், பொறி தெறிக்கும் கணத்தில்: 50,000 வோல்ட்
2. உடம்பில் பட்ட பிறகு உச்சம்: சுமார் 1,200 வோல்ட்
3. உச்ச மின்னோட்டம்: சுமார் 3 ஆம்பியர்
4. ஒரு துடிப்பின், அதாவது ஒரு தெறிப்பின், நீளம்: சுமார் 100 மைக்ரோ விநாடி, அதாவது விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு
5. ஒரு துடிப்பின் மின்னூட்டம்: சுமார் 100 மைக்ரோகூலூம்
6. ஒரு துடிப்பில் உடம்புக்குச் சேரும் ஆற்றல்: சுமார் 0.07 ஜூல்
7. ஒரு விநாடிக்கு: 19 துடிப்பு
8. விசையை ஒருமுறை இழுத்தால்: 5 விநாடி

முதல் இரண்டு வரிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 50,000 எங்கே, 1,200 எங்கே? அந்த 50,000 வோல்ட் சட்டைக்கும் தோலுக்கும் நடுவில் இருக்கும் காற்றைத் தாண்டத்தான். முள் ஜாக்கெட்டில் குத்தி நின்றுவிட்டால் அந்த இடைவெளியைப் பொறி குதிக்க வேண்டும். பாதை திறந்த மறுகணமே அழுத்தம் சரிந்துவிடுகிறது. உடம்பு ஒருபோதும் 50,000 வோல்ட்டைப் பார்ப்பதில்லை.

இனி பெருக்கிப் பார்க்கலாம். 0.07 ஜூலை 19-ஆல் பெருக்கினால் 1.33. அதாவது விநாடிக்கு 1.3 ஜூல், 1.3 வாட்; இரவில் போட்டுவைக்கும் சின்ன எல்இடி விளக்கு இழுக்கும் திறன். 100 மைக்ரோகூலூமை 19-ஆல் பெருக்கினால் 1.9 மில்லி ஆம்பியர். செய்தியில் வரும் '2 மில்லி ஆம்பியர்' இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் தெறிக்கும் அந்த உச்சக் கணத்தை மட்டும் எடுத்து 1,200-ஐ 3-ஆல் பெருக்கினால் 3,600 வாட், பெரிய கீஸர் ஒன்றின் திறன். இரண்டும் உண்மை. ஒரு விநாடியில் 19 துடிப்பும் சேர்ந்து பிடிக்கும் நேரம் 2 மில்லி விநாடிகூட இல்லை. மிச்ச நேரமெல்லாம் கருவி சும்மா இருக்கிறது, அடுத்த குடத்தை நிரப்பிக்கொண்டு.

சராசரி என்ற சொல் மறைப்பது

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. வேண்டுமென்றே குழப்புபவர்களும் இங்கேதான் கை வைக்கிறார்கள்.

நம் வீட்டு மெயின் பெட்டியில் இருக்கும் ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் டிரிப் ஆகும்படி செய்யப்பட்டது. அதை வைத்துக்கொண்டு, 'பாருங்கள், டேசர் 2 மில்லி ஆம்பியர்தான், ஆபத்துக் கோட்டுக்கு எவ்வளவோ கீழே' என்று சொல்லிவிடலாம். கேட்கச் சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் வீட்டு மின்சாரத்தின் 30 மில்லி ஆம்பியர் என்பது ஆர்எம்எஸ் அளவு, அதாவது சூடாக்கும் திறனை வைத்துக் கணக்கிட்டது. டேசரையும் அதே முறையில் அளந்தால் என்ன வரும்? 1.3 வாட், உடம்பின் தடை 500 ஓம் என்று வைத்துக்கொள்வோம். திறன் என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கியது. 1.3-ஐ 500-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.051 ஆம்பியர், அதாவது 51 மில்லி ஆம்பியர். 2 எங்கே, 51 எங்கே! அதே கருவி, அதே துடிப்பு. கோட்டுக்கு எவ்வளவோ கீழே இருந்தது இப்போது கோட்டுக்கு மேலே போய்விட்டது.

அப்படியானால் 51 தான் உண்மை, 2 பொய் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. இரண்டு எண்ணுமே இந்தக் கேள்விக்குப் பொருந்தாதவை. ஆர்சிசிபி கோடு 50 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்துக்கு வரைந்தது. குட்டித் துடிப்புகளுக்கு நரம்பும் தசையும் வேறு மாதிரி பதில் சொல்கின்றன. ஒரு துடிப்பில் எவ்வளவு மின்னூட்டம், அது எத்தனை மைக்ரோ விநாடியில், விநாடிக்கு எத்தனை முறை, மொத்தம் எத்தனை விநாடி: கேட்க வேண்டியவை இவைதான். சராசரி ஒன்றை மட்டும் நீட்டி 'பாதுகாப்பானது' என்று யார் சொன்னாலும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

தசை ஏன் பூட்டிக்கொள்கிறது

பிரெஞ்சு உடலியல் அறிஞர் லூயி லாபிக் 1909-இல் ஓர் அளவுக்கு 'குரோனாக்ஸி' என்று பெயர் வைத்தார். ஒரு நரம்பையோ தசையையோ தட்டி எழுப்ப, துடிப்பு எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பதைச் சுட்டும் அளவு அது. தசைகளுக்குப் போகும் நரம்புகளுக்கு இது மிகக் குறைவு, மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். இதயத் தசைக்கு அதைப்போல் பல மடங்கு நேரம் வேண்டும். டேசரின் துடிப்பு 100 மைக்ரோ விநாடியாக இருப்பது தற்செயல் இல்லை. நரம்பு விழிக்கும், இதயம் கவனிக்காமல் இருந்துவிடும் என்ற கணக்கில் வெட்டிய துண்டு அது.

அடுத்தது வேகம். ஒரு துடிப்புக்குத் தசை ஒருமுறை சுண்டும், பிறகு தளரும். விநாடிக்கு இருபது முறை அடித்தால் தளர நேரம் கிடைக்காது, சுண்டல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு தசை இறுகி நின்றுவிடும். இரண்டு முட்களுக்கும் நடுவில் உள்ள தசைகள் மட்டுமே அப்படி இறுகும் என்பதால் இடைவெளி முக்கியம். எக்ஸ்26-இல் கீழ் முள் 8 பாகை சாய்வாகக் கிளம்புகிறது; ஏழு அடி போனால் முட்களுக்கு நடுவில் ஓர் அடி பிரிவு வரும். கைக்கு எட்டும் தூரத்தில் உடம்பில் அழுத்தும் சாதாரண ஸ்டன் கருவியில் முனைகள் இரண்டு விரல் அகலம்தான். அதில் வலி இருக்கும், ஆள் முடங்கிப்போவது அபூர்வம்.

திறன் ஒன்றே போதாது என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. மலையடிவாரத் தோட்டங்களில் போடும் சோலார் வேலியைப் பாருங்கள். பன்னாட்டுத் தரம் அனுமதிக்கும் உச்சம் ஒரு துடிப்புக்கு 5 ஜூல், டேசர் துடிப்பைப் போல் எழுபது மடங்கு. ஆனால் இரண்டு துடிப்புக்கு நடுவில் குறைந்தது ஒரு விநாடி இடைவெளி விட்டாக வேண்டும். அந்த ஒரு விநாடிதான் உயிர். யானையோ மனிதனோ 'சுளீர்' என்று பட்டதும் விலகிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. அதே கம்பியில் 230 வோல்ட் லைனைத் திருட்டுத்தனமாக இழுத்து மாட்டினால் இடைவெளியே கிடையாது. உடம்பின் தடை 1,000 ஓம் என்றால் 230 மில்லி ஆம்பியர், விடாமல். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் செத்தது அப்படி லைன் மின்சாரத்தை நேரடியாகப் பாய்ச்சிய வேலியில்தான். வோல்ட்டை மட்டும் பார்த்தால் சோலார் வேலிதான் பல மடங்கு பயங்கரம். கொன்றது 230.

இதயம் பற்றிய சண்டை

தயாரிப்பாளர் தரப்பில் அடிக்கடி வைக்கும் ஒப்பீடு டீஃபிப்ரிலேட்டர். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வைத்து அடிப்பது 120 முதல் 360 ஜூல், டேசர் 0.07. ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு, அதனால் இதயத்தைத் தொடாது என்பது வாதம்.

இந்த ஒப்பீடு எனக்குச் சரியாகப் படவில்லை. டீஃபிப்ரிலேட்டரின் வேலை, தாறுமாறாகத் துடிக்கும் இதயம் முழுவதையும் ஒரே அடியில் அடக்குவது. ஒரே ஒரு இதயத் துடிப்பைத் தூண்டிவிடுவதற்கு அவ்வளவு தேவையே இல்லை. இதயத்துக்குள் கம்பி விட்டுவைத்த பேஸ்மேக்கர் மைக்ரோஜூல் கணக்கில்தான் அடிக்கிறது, இதயம் கேட்டு நடக்கிறது. பேஸ்மேக்கர் பக்கம் நின்று பார்த்தால் 0.07 ஜூல் ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். எல்லாம் முள் எங்கே பட்டது, இதயத்துக்கு எவ்வளவு அருகில் என்பதைப் பொறுத்தது. ஒல்லியான ஆளின் நெஞ்சில் பட்டதும், பருமனானவரின் முதுகில் பட்டதும் ஒன்றல்ல.

இதய மருத்துவர் டக்ளஸ் ஸைப்ஸ் 2012-இல் 'சர்க்குலேஷன்' இதழில், நெஞ்சில் டேசர் பட்ட பிறகு நினைவிழந்த எட்டுப் பேரை ஆராய்ந்து, இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோக இந்தக் கருவி காரணமாக இருக்க முடியும் என்று எழுதினார். அவர் இறந்தவர் தரப்பு வழக்குகளில் சாட்சி சொன்னவர் என்று எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டியது. எதிர்த்துப் பேசியவர்களில் சிலர் தயாரிப்பு நிறுவனத்தோடு தொடர்புள்ளவர்கள். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் நடைமுறையில் நடந்தவை சிலவற்றை மறுக்க முடியாது:

1. 2009 அக்டோபரில் தயாரிப்பு நிறுவனமே, முடிந்தவரை நெஞ்சைக் குறிவைக்க வேண்டாம் என்று பயிற்சிக் குறிப்பை மாற்றியது.
2. 2011-இல் அமெரிக்காவில் காவல் துறைகளுக்காக வெளியான வழிகாட்டுதல், மொத்தம் 15 விநாடிக்கு மேல், அதாவது மூன்று சுற்றுக்கு மேல், பாய்ச்சினால் ஆபத்து கூடலாம் என்று எச்சரித்தது.
3. பிந்தைய மாதிரிகளான எக்ஸ்2, எக்ஸ்26பி ஆகியவற்றில் ஒரு துடிப்பின் மின்னூட்டம் சுமார் 63 மைக்ரோகூலூமாகக் குறைந்தது.

மின்கணக்கில் வராத ஆபத்துகளும் உண்டு. இறுகிய தசையோடு விழுபவர் கையை ஊன்ற முடியாது. மரம் சாய்வது போல் சாய்வார், தலை தரையில் அடிக்கும். கூமாவில் நடந்தது அதுதான். அப்புறம், பெட்ரோல் ஆவியோ ஆல்கஹால் கலந்த சானிடைசரோ உடம்பில் இருந்தால் அந்தச் சின்னப் பொறியே தீ வைத்துவிடும். அதற்கு 1.3 வாட்டெல்லாம் தேவையில்லை, காஸ் லைட்டருக்குத் தேவைப்படும் அளவே போதும்.

'ஒரு கோடி வோல்ட்' டார்ச்

பெண்களின் பாதுகாப்புக்கு என்று விற்கும் டார்ச் வடிவ ஸ்டன் கைக்கருவிகளில் லட்சம், கோடி என்று வோல்ட் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரவில் தனியாகப் பயணம் செய்யும் மகளுக்கு நம்பி வாங்கிக் கொடுக்கிறார்கள். அதனால்தான் இதைச் சொல்லியே ஆக வேண்டும். சோதிக்க மீட்டர் வேண்டாம், பள்ளிக்கூட ஸ்கேல் போதும்.

1. வெளி முனைகள் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 25 மில்லிமீட்டர் என்று வைப்போம்.
2. மில்லிமீட்டருக்கு 3,000 வோல்ட் என்றால் 75,000 வோல்ட்டிலேயே பொறி பாய்ந்துவிடும். முனை கூராக இருந்தால் இன்னும் குறைவிலேயே.
3. பொறி பாய்ந்ததும் அழுத்தம் சரிந்துவிடும். அதற்கு மேல் ஏற வழியே இல்லை.
4. ஒரு கோடி வோல்ட்டை 3,000-ஆல் வகுத்தால் 3,333 மில்லிமீட்டர். அந்த டார்ச்சின் முனைகள் மூன்றேகால் மீட்டருக்கு மேல் விலகி இருக்க வேண்டும், தரையிலிருந்து கூரைவரை.

பெட்டியில் எழுதிய எண் பொய் என்று இதிலேயே தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய கவலை, மின்னூட்டம் எவ்வளவு என்பது அந்தப் பெட்டியில் எங்குமே இருக்காது. சடசடவென்று சத்தமும் நீல வெளிச்சமும் வரும். எதிராளியைத் தொட்டு, அழுத்தி, சில விநாடி பிடித்துக்கொண்டிருந்தால்தான் ஏதாவது நடக்கும். அவ்வளவு நெருக்கத்தில் அவன் கையைத் தட்டிவிட எவ்வளவு நேரம் ஆகும்?

2023 ஜனவரியில் அறிமுகமான டேசர் 10 மாதிரியைப் பாருங்கள். பொறி தாண்ட வேண்டிய தேவையை விட்டுவிட்டு, முள் ஆடையைத் துளைத்துத் தோலைத் தொடும்படி அமைத்தார்கள். அதன் உச்ச அழுத்தம் வெறும் 1,000 வோல்ட். விற்பனைப் பெட்டியின் கணக்குப்படி அது பொம்மை. ஆளை முடக்குவதில் அது பழைய 50,000 வோல்ட் கருவிக்குச் சளைத்ததல்ல.

அளப்பது யார்

2007 அக்டோபரில் கனடாவின் வான்கூவர் விமான நிலையத்தில், போலந்திலிருந்து வந்திறங்கிய ஒருவர் பலமுறை டேசர் பாய்ச்சப்பட்டு இறந்தார். பிரெய்ட்வுட் ஆணையம் அதை விசாரித்தது. அந்த நேரத்தில், 2008 டிசம்பரில், கனடாவின் சிபிசி ஒலிபரப்பு நிறுவனம் புழக்கத்தில் இருந்த 44 எக்ஸ்26 கருவிகளைச் சோதனைக்கூடத்தில் அளக்கச் செய்தது. அவற்றில் நான்கு, தயாரிப்பாளர் சொன்ன அளவைவிட அதிக மின்னோட்டத்தைத் தந்தன. ஆக, கையேட்டில் இருக்கும் எண் வேறு, அந்தக் காவலர் கையில் அன்று இருந்த கருவியின் எண் வேறாக இருக்க வாய்ப்பு உண்டு.

இவ்வகைக் கருவிகளை எப்படி அளப்பது என்பதற்கே ஐஇசி 62792 என்ற பன்னாட்டுத் தரம் 2015-இல்தான் வந்தது. உடம்புக்குப் பதிலாக ஒரு மின்தடையைச் சேர்த்து, துடிப்பின் வடிவத்தை, மின் அலையை வரைந்துகாட்டும் ஆசிலோஸ்கோப்பில் பதிந்து, அதன் பரப்பிலிருந்து மின்னூட்டத்தைக் கணக்கிடுவார்கள். மலிவு டார்ச்சுகளை யாரும் இப்படி அளந்து விற்பதில்லை.

எக்ஸ்2, எக்ஸ்26பி வகைக் கருவிகள் விசை எப்போது இழுக்கப்பட்டது, எத்தனை விநாடி ஓடியது, ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு மின்னூட்டம் போனது என்பதைத் தங்களுக்குள்ளேயே பதிந்துவைக்கின்றன. அடுத்த முறை டேசர் சாவு பற்றிய செய்தி வந்தால், விசாரணையில் அந்தத் துடிப்புப் பதிவு எடுக்கப்பட்டதா, வெளியிடப்பட்டதா என்று தேடிப் பாருங்கள்.